ஒரு நாள் நடை, 8,000 ஆண்டுக் காடு

லண்டனுக்கு வருகிற சொந்தக்காரர்கள் கையோடு ஒரு பட்டியல் கொண்டுவருவார்கள். லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை, மெழுகுப் பொம்மைகள். எல்லாம் பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். ஆனால் ஒரே ஒரு நாளை எனக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்லி, அவர்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே வாக்கு வாங்கிவிடுவேன். அந்த நாளில் நான் கூட்டிப்போவது நகரத்தின் தென்கிழக்கு மூலைக்கு. தேம்ஸ் கரையில் புறப்பட்டு, பூங்கா பூங்காவாக மேலேறி, ஒரு குன்றைத் தாண்டி, பனியுகம் முடிந்த காலத்திலிருந்து நிற்கிற காட்டுக்குள் புகுந்து, 12-ஆம் நூற்றாண்டு மடம் ஒன்றின் இடிபாட்டில் போய் இறங்குகிற நடை. கிரீன் செயின் வாக் என்று பெயர். இந்த ஊரில் இதைவிட நல்ல இடம் இருப்பதாக யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

பெயருக்கேற்ற பச்சைச் சங்கிலிதான். 1977-ல் தென்கிழக்கு லண்டனின் நான்கு நகராட்சிகளும் பெருநகர மன்றமும் சேர்ந்து, தங்கள் எல்லைக்குள் எஞ்சியிருந்த காடு, பூங்கா, மேய்ச்சல் வெளி, விளையாட்டுத் திடல் என்று சுமார் 300 திறந்தவெளிகளை ஒன்றாகக் கணக்கில் எடுத்து, இவற்றில் கட்டடம் எழும்ப விடுவதில்லை என்று முடிவு செய்தன. அவற்றைக் கோத்து இணைக்கிற நடைபாதைதான் பிறகு வந்த இந்த கிரீன் செயின் வாக். கிளைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 50 மைல். அத்தனையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. நான் கூட்டிப்போவது எனக்கு மிகப் பிடித்த வடக்குப் பகுதி மட்டும். காலையில் ஆற்றங்கரை, மதியச் சாப்பாட்டுக்குக் காட்டின் உச்சி, மாலைத் தேநீருக்கு மடத்து வாசல். பாதையில் நடக்க நுழைவுக் கட்டணம் என்று ஒரு பைசா கிடையாது. வழியில் மரக்கம்பங்கள் திசை காட்டிக்கொண்டே வரும்.

தொடங்குமிடம் தேம்ஸ் பேரியர். ஆற்றின் குறுக்கே, கரைக்குக் கரை 520 மீட்டர் அகலத்துக்கு, வரிசையாக வெள்ளிக் கூடுகள் நீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும். துருப்பிடிக்காத எஃகுத் தகடு போர்த்திய அந்தக் கூடுகளில் காலை வெயில் படும்போது பாருங்கள், அப்படியொரு அழகு. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கி இங்கிலாந்தின் கிழக்குக் கரையை அடித்தது. 307 பேர் இறந்தார்கள். லண்டனுக்கு அப்படி ஒரு நாள் வந்துவிடக் கூடாது என்ற பயத்தில் பிறந்த அணை இது. 1982-லிருந்து வேலை செய்கிறது, 1984-ல் ராணி முறைப்படித் திறந்துவைத்தார். சாதாரண நாள்களில் கதவுகள் ஆற்றின் அடித்தரையில் மல்லாந்து படுத்திருக்கும், கப்பல்கள் அவற்றின் மேல் போய்வரும். கடல் ஏறி வருகிறது என்று தகவல் வந்தால் கதவுகள் சுழன்று எழுந்து நிற்கும். சார்ல்ஸ் டிரேப்பர் என்ற பொறியாளருக்கு இந்தச் சுழல்கதவு யோசனை வந்தது கேஸ் அடுப்பின் திருகைப் பார்த்து. நடுவிலுள்ள நான்கு பெரிய கதவுகள் ஒவ்வொன்றும் 61 மீட்டர் அகலம். இதுவரை 200 முறைக்கு மேல் எழுந்து நின்று நகரத்தைக் காத்திருக்கின்றன. ஆற்றுக்கு முதுகு காட்டி நடக்கத் தொடங்குமுன் இதை ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சாலையைக் கடந்தால் மேரியன் பார்க். ஒரு காலத்தில் இது மணல் குழி. வுல்விச் ராயல் ஆர்சனலில் பீரங்கி வார்ப்பதற்கான அச்சு மணல் இந்தப் பக்கத்துக் குழிகளிலிருந்துதான் போனது. தோண்டி முடித்த பள்ளத்தில் புல் முளைத்து, சுற்றிலும் செங்குத்தாக மரச்சரிவு நிற்க, ஒரு கிண்ணத்துக்குள் இறங்கிய மாதிரி இருக்கும். சினிமாப் பித்துள்ளவர்கள் இங்கே அரை மணி நேரமாவது உட்காராமல் நகர மாட்டார்கள். ஆந்தோனியோனி 1966-ல் எடுத்த ‘புளோ அப்’ படத்தில் புகைப்படக்காரன் ஒரு கொலையைத் தன்னையறியாமல் படம்பிடிக்கிற பூங்கா இதுதான். கடைசிக் காட்சியில் பந்தே இல்லாமல் டென்னிஸ் ஆடுவார்களே, அந்த ஆடுகளமும் இங்கேதான், இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் காதில் பந்து மோதும் ஓசை கேட்டே தீரும்.

அடுத்த பூங்கா மேரியன் வில்சன். இரண்டுக்கும் நிலம் கொடுத்தது அந்தப் பெயருள்ள குடும்பமே. வழிப்பறிக்காரர்கள் பதுங்குகிற தொங்குகாடு என்று ஒரு காலத்தில் பேர் வாங்கிய இடத்தில் இப்போது வேலிக்குள் மான்கள் மேய்கின்றன. குழந்தைகளோடு போனால் இங்கேயே பாதிக் காலை போய்விடும். போகட்டும்.

மேடேறினால் சார்ல்டன் ஹவுஸ். லண்டனில் மிக நன்றாகப் பிழைத்திருக்கிற ஜேக்கபியன் கால மாளிகைகளில் ஒன்று. 1607-க்கும் 1612-க்கும் நடுவே சர் ஆடம் நியூட்டன் என்பவர் கட்டினார். அவர் மன்னர் முதலாம் ஜேம்ஸின் மூத்த மகன் ஹென்றிக்கு ஆசிரியர். வீடு முடிந்த அதே 1612-ல், 18 வயதில் அந்த இளவரசன் இறந்துபோனான். வாத்தியார் மாணவனுக்காகக் கட்டிய வீடோ என்னவோ, சிவப்புச் செங்கல்லும் வெள்ளைக் கல்லுமாக ஒவ்வோர் அங்குலத்திலும் ஆசை தெரிகிறது. வாசல் முகப்பைச் செதுக்கியிருக்கிற நேர்த்திக்கு முன்னால் நின்றால் நேரம் போவதே தெரியாது.

ஆனால் என்னைக் கேட்டால் மாளிகையைவிடத் தோட்டத்து மல்பெரி மரம்தான் பெரிய விஷயம். இங்கிலாந்திலும் பட்டு நெசவு தழைக்க வேண்டும் என்று ஜேம்ஸ் மன்னர் ஆசைப்பட்டு நாடெங்கும் மல்பெரி நடச் சொன்னார். அந்த ஆணையின்படி 1608-ல் நட்டது இந்த மரம் என்பது வழிவழியாக வரும் செய்தி. பட்டு மட்டும் வரவே இல்லை. இங்கே நட்டது கறுப்பு மல்பெரி. பட்டுப்புழு விரும்பித் தின்பது வெள்ளை மல்பெரியின் இலையை. மன்னரின் திட்டம் போனது, மரம் நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்: அடிமரம் முறுக்கிக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும், பட்டையில் விரல் நுழைகிற ஆழத்துக்கு வெடிப்பு, ஆனால் அந்த வெடிப்புக்கு ஒரு சாண் மேலேயே கையகல இலைகள் பளபளவென்று. ஆகஸ்டில் பழுக்கும். கீழே விழுந்த பழத்தை எடுத்து வாயில் போட்டால் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து நாக்கைப் பிடித்துக்கொள்ளும், விரலில் ஏறிய கறுஞ்சிவப்புச் சாயம் இரண்டு நாளைக்குப் போகாது. 400 வருடத்து மரம் இன்னும் காய்க்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சார்ல்டன் பார்க், அப்புறம் வுல்விச் காமன். ராணுவத்தின் கைபட்ட வெட்டவெளி, பரந்த வானம், முட்புதர்கள். இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, காற்று நன்றாக வீசும்.

ஒரு கதையை மட்டும் சொல்லாமல் இந்த வெளியைக் கடக்க எனக்கு மனம் வராது. இங்கிருந்து கிழக்கே பிரிகிற ஒரு கிளை பிளம்ஸ்டெட் காமன் வழியாகப் போகிறது. அந்த மேய்ச்சல் வெளியில் ஆடுமாடு மேய்க்கவும் நடமாடவும் ஊராருக்கு வழிவழியாக உரிமை இருந்தது. நிலத்துக்குச் சொந்தம் கொண்டாடிய ஆக்ஸ்ஃபர்டு குயின்ஸ் கல்லூரி அதில் வேலி போட்டு அடைக்க இடம்கொடுத்தது. 1876 ஜூலையில் ஜான் டி மார்கன் என்ற கிளர்ச்சிக்காரர் தலைமையில் ஆயிரக்கணக்கான ஜனம் திரண்டு போய் அந்த வேலிகளைப் பிடுங்கி எறிந்தது, கொளுத்தியது. டி மார்கன் சிறைக்குப் போனார். ஆனால் இரண்டே வருடத்தில், 1878-ல், பிளம்ஸ்டெட் காமன் பொதுமக்களுக்கே என்று சட்டம் வந்தது. பேரப்பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தப் புல்வெளியில் உருட்டிப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேலி பிடுங்கிய கைகள்தான் ஞாபகத்துக்கு வரும். இந்தப் பாதையில் நான் கால் வைக்கிற ஒவ்வொரு புல்வெளியும் யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்க மறுத்ததால்தான் புல்வெளியாக இருக்கிறது. இதை முதன்முதலாக உணர்ந்த பிறகு எனக்கு இந்த நடை இன்னும் பத்து மடங்கு பிடித்துப்போனது.

எல்த்தம் காமனிலிருந்து ஏற்றம். ஷூட்டர்ஸ் ஹில் 132 மீட்டர் உயரம். நமக்கு அது மலையாகத் தெரியாது, லண்டனுக்கு அது பெரிய உயரம். அதன் மேலே போகிற சாலை ரோமானியர் காலத்து வழி. அந்தக் காலத்தில் டோவர் துறைமுகத்துக்குப் போன கோச்சு வண்டிகள் இந்த ஏற்றத்தில்தான் திணறின. வழிப்பறிக்காரர்களுக்கும் அதுவே சௌகரியம். டிக்கன்ஸின் ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ நாவலில் சேற்றில் புதைந்து ஏறுகிற தபால் வண்டி இந்த ஷூட்டர்ஸ் ஹில்லில்தான் ஏறுகிறது. 1661-ல் இந்த வழியாகக் குதிரையில் போன சாமுவேல் பீப்ஸ், தூக்கில் தொங்கிய ஒருவனின் உடலுக்கு அடியில் போனதாகத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு அந்த இடத்தில் பேருந்து நிறுத்தம், ஓக் மர நிழல், நாய் கூட்டி நடக்கிறவர்களின் காலை வணக்கம்.

காட்டுப் பாதையில் திரும்பி நாலு எட்டு வைத்தால் மரங்களுக்கு நடுவே முக்கோணமாக ஒரு கோபுரம் எழுந்து நிற்கும். செவர்ன்ட்ரூக் காசில். என் பெரியப்பாவை அங்கே கூட்டிப்போன நாளை மறக்க முடியாது. திருநெல்வேலிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். வாசலுக்கு மேலே பதித்த கல்வெட்டைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏல, இது சுவர்ணதுர்க்லா? ஆங்கரே கோட்டை. இத எதுக்குல இங்க கொண்டாந்து வச்சிருக்கான்?”

“அந்தக் கோட்டையப் பிடிச்சவரு ஞாபகத்துக்குக் கட்டுனது பெரியப்பா. அவரு சம்சாரம் கட்டுனாங்க.”

அதற்குப் பிறகு நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. கோபுரத்தடியில் கல்லில் உட்கார்ந்து, கொங்கண் கடற்கரை முழுவதையும் அவர் எங்களுக்கு எடுத்துவைத்தார். மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயின் கப்பல் படை, அவர் மகன் துளாஜி, ஹர்ணை கரைக்கு எதிரே கடலுக்குள் தீவாக நிற்கும் சுவர்ணதுர்க். துளாஜியை அடக்கப் பேஷ்வாவே கிழக்கிந்தியக் கம்பெனியோடு கைகோத்த கதை. பம்பாயிலிருந்து கப்பல்களோடு போன கமடோர் வில்லியம் ஜேம்ஸ் 1755 ஏப்ரல் 2-ஆம் தேதி கோட்டையைப் பிடித்தார். மறு வருடம், ஆற்காட்டு முற்றுகையில் பேர் வாங்கியிருந்த கிளைவும் கடற்படைத் தளபதி வாட்சனும் கேரியா கோட்டையைப் பிடித்ததோடு துளாஜியின் கதை முடிந்தது. ஜேம்ஸ் செல்வந்தராக ஊர் திரும்பி, சர் பட்டமும் கம்பெனியின் தலைமைப் பதவியும் பெற்று, எல்த்தமில் வாழ்ந்து, 1783-ல் இறந்தார். மனைவி ஆன் மறு வருடமே, 1784-ல், ரிச்சர்ட் ஜப் என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு இந்த 63 அடிக் கோபுரத்தை எழுப்பினார். நாம் பாடப் புத்தகத்தில் படித்த ஒரு கடற்கோட்டையின் பெயர், லண்டன் காட்டில், ஓக் மரங்களுக்கு நடுவே கல்லில் கிடக்கிறது. கொங்கண் கடலில் பறிபோன கோட்டையின் பெயரை இங்கே நின்று தமிழில் உச்சரித்து, அதன் கதையைப் பெரியப்பா வாயால் கேட்டது எனக்குக் கிடைத்த பெரும் பேறு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் திறந்திருக்கும், உள்ளே ஏறலாம். 86 படிகள். உச்சித் தளத்துக்கு வந்தால் மூச்சே நின்றுவிடும். குன்றின் உயரமும் சேர்வதால் செயின்ட் பால் தேவாலயத்தின் சிலுவையையும்விட நீங்கள் உயரத்தில் நிற்கிறீர்கள். மேற்கே நகரத்தின் கண்ணாடிக் கோபுரங்கள் முழுக்க, கீழே மர உச்சிகள் கடலாக, வடக்கே தேம்ஸ் வளைந்து வளைந்து. இந்தக் கோபுரமும் சும்மா கிடைத்ததல்ல. 1980-களின் கடைசியில் பூட்டிப் பலகை அடித்துவிட்டார்கள். அலுவலகமாக்கத் தனியாருக்குக் குத்தகை விடலாம் என்ற பேச்சு வந்தபோது சுற்றுவட்டாரத்துக்காரர்கள் ஒரு அறக்கட்டளை அமைத்து எதிர்த்தார்கள். வருடக்கணக்கில் பணம் திரட்டி, செப்பனிட்டு, 2014-ல் திறந்தார்கள். கதவைத் திறந்துவிட்டு, படி ஜாக்கிரதை என்று சொல்லி அனுப்புகிற தன்னார்வலர்களுக்கு ஒரு நன்றி சொல்லாமல் இறங்காதீர்கள்.

இனிதான் என் உயிர். ஆக்ஸ்லீஸ் வுட்.

கோபுரத்திலிருந்து இறங்குகிற வழியில், இடித்துவிட்ட மாளிகைகளின் தோட்டங்கள் மட்டும் தனியாக நிற்கும், ரோஜாப் பாத்திகளும் கல்படிகளுமாக. அவற்றைத் தாண்டி ஜாக் வுட்டைக் கடந்தால் மரங்கள் சட்டென்று விலகி, சரிந்து இறங்கும் பெரிய புல்வெளி. உச்சியில் ஒரு சின்னக் கஃபே. அங்கே ஒரு தட்டு முட்டை, பீன்ஸ், டோஸ்ட், ஒரு குவளைத் தேநீர் வாங்கிக்கொண்டு வெளிமேசையில் உட்கார்ந்தால் கண்ணுக்கெட்டியவரை மரம்தான். உட்கார்ந்திருப்பது உலகின் பெரிய நகரங்களில் ஒன்றுக்குள் என்று சத்தியம் செய்தாலும் வந்தவர்கள் நம்ப மாட்டார்கள். அந்தத் தேநீரின் ருசிக்கு ஈடாக எந்த நட்சத்திர ஓட்டலையும் சொல்ல மாட்டேன்.

புல்வெளியின் அடியில் காடு தொடங்குகிறது. பனியுகம் முடிந்து இந்த மண்ணில் மரங்கள் திரும்பி வந்த காலந்தொட்டு, ஏறத்தாழ 8,000 ஆண்டுகளாக இங்கே காடு இருந்துவருகிறது. ஓக், பிர்ச், ஹார்ன்பீம், ஹேசல். அபூர்வமான வைல்ட் சர்வீஸ் மரங்களும் இங்கே நிறைய. பழங்காட்டின் அடையாளம் அந்த மரம். புதிதாக நட்ட தோப்பில் அதைப் பார்ப்பது அரிது. ஹேசல் மரங்களின் அடியைக் குனிந்து பாருங்கள். ஒற்றைத் தண்டு இருக்காது. ஒரே அடிக்கட்டையிலிருந்து ஏழெட்டுக் கிளைகள் நேராக மேலே போகும். நூற்றாண்டுகளாக அடியோடு வெட்டி, மறுபடி தழைக்க விட்டு, வேலிக்கும் விறகுக்கும் கழி எடுத்த தடம் அது. வெட்ட வெட்டத் தழைத்த அடிக்கட்டை, மேலேயுள்ள கிளைகளைவிடப் பல மடங்கு வயதானது. அதன்மேல் பாசி ஏறிய இடத்தில் உள்ளங்கையை வைத்தால் கோடையிலும் சில்லென்றிருக்கும்.

ஏப்ரல் கடைசியில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஓக் மரங்கள் முழுசாக இலை விடுவதற்குமுன், தரையில் வெயில் விழுகிற அந்தச் சில வாரங்களில் புளூபெல் பூத்துவிடும். முதலில் வெள்ளையாக அனிமோனி. அப்புறம் நீலம். பாதையின் இருபுறமும், சரிவிலும், மரங்களின் காலடியிலும், நிழலில் கருநீலமாக, வெயில் பட்ட இடத்தில் ஊதாவாக. வாசனை ஒரு பூவில் தெரியாது, காடு முழுக்கப் பூத்தால்தான் தெரியும். பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள், மிதிபட்ட புளூபெல் மீண்டு வர வருடங்கள் ஆகும்.

தலைக்கு மேலே கீச்கீச்சென்று சத்தம். நிமிர்ந்து பார்த்தால் பச்சைக்கிளி! கழுத்தில் சிவப்பு வளையத்தோடு, நம் ஊர்த் தோப்புகளில் பறக்கிற அதே கிளி. கூண்டிலிருந்து தப்பியவை பெருகி இப்போது தென்கிழக்கு லண்டனின் எல்லா மரங்களிலும் குடியிருக்கின்றன. பனி கொட்டுகிற ஜனவரியில் இலையில்லாத ஓக் மரத்தில் இருபது முப்பது கிளிகள் பச்சைப்பசேலென்று உட்கார்ந்திருப்பதை முதன்முதலில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

இந்தக் காட்டின் குறுக்கே ஒரு பெருஞ்சாலை வருவதாக இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். கிழக்கு லண்டன் நதிப் பாலம் என்று ஒரு திட்டம். தேம்ஸின் மேல் பாலம் கட்டி, அங்கிருந்து தெற்கே வருகிற சாலையை ஆக்ஸ்லீஸ் வழியாக அறுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. 1980-களில் விசாரணை மேல் விசாரணை நடந்தது. அரசாங்கம் விடுவதாயில்லை. ஊரும் விடவில்லை. புல்டோசருக்கு முன்னால் நிற்போம் என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு உறுதி கொடுத்தார்கள். முறையான சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கவில்லை என்று ஐரோப்பிய ஆணையமும் குறுக்கிட்டது. 1993 ஜூலையில் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. ஒரு மரம் சாயவில்லை. பிரிட்டனில் சாலைக்கு எதிரான போராட்டங்களுக்கெல்லாம் இந்த வெற்றி பெரிய தெம்பு கொடுத்தது. கஃபே மேசையில் ஒருமுறை என் எதிரே உட்கார்ந்த முதிய பெண்மணி, கையெழுத்துப் போட்டவர்களில் தானும் ஒருத்தி என்றார். “நிற்கத் தயாராகத்தான் இருந்தேன்” என்றார். எழுந்து நின்று அவருக்குக் கைகொடுத்தேன். வேறென்ன செய்வது!

காட்டைவிட்டு வெளியே வந்து கிழக்கே நடந்தால் கொஞ்ச தூரம் தெருக்களும் வீடுகளும், ஈஸ்ட் விக்கம் திடலும். இந்த இடைவெளியை வேகமாகக் கடந்துவிடலாம். பாஸ்ட்டல் வுட்ஸ் வந்ததும் நடை மறுபடி மெதுவாகும். இங்கே பைன் மரங்கள், ஊசியிலை மெத்தை, காலடிச் சத்தமே எழாது. இந்தக் காடும் அடுத்த காடும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு நிற்பவை.

அடுத்தது லெஸ்னஸ் அபி. மரங்களிலிருந்து வெளியே வந்ததும் சரிவின் கீழே புல்வெளியில் முழங்கால் உயரத்துக்கும் ஆள் உயரத்துக்கும் கல்சுவர்கள், பின்னால் வெகுதூரத்தில் கேனரி வார்ஃப் கோபுரங்கள். 1178-ல் இந்த மடத்தை நிறுவியவர் இங்கிலாந்தின் தலைமை நீதியதிகாரி ரிச்சர்ட் டி லூசி. 1170-ல் கேன்டர்பரி தேவாலயத்துக்குள்ளேயே பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டிக் கொல்லப்பட்டார் அல்லவா, மன்னருக்கும் பெக்கெட்டுக்கும் நடந்த சண்டையில் மன்னர் பக்கம் நின்றவர் லூசி. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகக் கட்டினார் என்பார்கள். 1179-ல் பதவியைத் துறந்து இந்த மடத்துக்கே வந்து சேர்ந்தார். சில மாதங்களில் இறந்தார். 1525-ல் கார்டினல் வுல்சி ஆக்ஸ்ஃபர்டில் தன் கல்லூரிக்குப் பணம் சேர்க்க இதை மூடினார்.

சுவர்களுக்கு நடுவே நடக்கும்போது மடத்தின் வாழ்க்கை காலடியில் தெரிகிறது. இது ஆலயம், இது திண்ணைச்சுற்று, இது சாப்பாட்டுக் கூடம். துறவிகளுக்குக் கீழே சதுப்பு நிலம் சொந்தம். ஆற்றுநீர் ஏறாமல் கரை எழுப்பிக் காப்பதும் அவர்கள் பொறுப்பு. அந்தக் கரைச்செலவே மடத்தைக் கடனில் தள்ளியது. காலையில் எஃகுக் கதவுகளைப் பார்த்துவிட்டு வந்த கண்ணால் அந்தச் சதுப்புப் பக்கம் பார்த்தால், இந்த ஆற்றோடு மனிதர்கள் எத்தனை காலமாக மல்லுக்கட்டுகிறார்கள் என்பது புரியும். மார்ச்சில் இந்த மடத்துக்கு மேலேயுள்ள காட்டில் காட்டு டாஃபடில் பூக்கும். கடையில் விற்கிற பெரிய மஞ்சள் பூ அல்ல. சின்னதாக, வெளிறிய இதழும் அடர்மஞ்சள் குழலுமாகத் தலை குனிந்திருக்கும். லண்டன் எல்லைக்குள் இப்படிக் கூட்டமாகப் பூக்கிற இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குழந்தைகள் உடன் வந்தால் இங்கேயுள்ள புதைபடிவ மணலை விட்டுவிடவே கூடாது. காட்டுக்குள் ஒதுக்கிய ஒரு பள்ளத்தில் யாரும் மேல்மண்ணைக் கிளறிச் சலித்துப் பார்க்கலாம். ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே வெதுவெதுப்பான கடல். என் தங்கை மகனைச் சமையலறைச் சல்லடையோடு அங்கே உட்காரவைத்தேன். முதலில் கூழாங்கல், அப்புறம் கிளிஞ்சல் துண்டு, கிளிஞ்சல் துண்டு, கிளிஞ்சல் துண்டு. பிறகு திடீரென்று ஒரு கத்தல்.

“மாமா! இது கல்லா, பல்லா?”

அவன் உள்ளங்கையில் அரை விரற்கடை நீளத்தில், பழுப்புக் கறுப்பாக, நுனி கூராக, அடியில் இரண்டு வேரோடு ஒரு சுறாப் பல். துடைத்ததும் எனாமல் பளிச்சென்று மின்னியது. ஐந்து கோடி ஆண்டுப் பழைய பல்லின் கூர் இன்னும் விரலில் உறுத்துகிறது! அவனை அங்கிருந்து கிளப்ப இருட்ட வேண்டியதாயிற்று.

அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் இறங்கினால் அபி வுட் ஸ்டேஷன். 2022-ல் எலிசபெத் லைன் வந்ததிலிருந்து நகரத்தின் நடுவுக்கு அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மழை பெய்திருந்தால் ஆக்ஸ்லீஸிலும் பாஸ்ட்டலிலும் களிமண் சேறு காலைப் பிடிக்கும், பூட்ஸ் இல்லாமல் வராதீர்கள். தண்ணீர் பாட்டிலும் எலுமிச்சைச் சாதமும் பையில் இருக்கட்டும்.

இன்னொரு நாள் கைவசம் இருந்தால் ஆக்ஸ்லீஸிலிருந்து தெற்கே போகிற கிளையைப் பிடியுங்கள். எல்த்தம் அரண்மனை அந்த வழியில்தான். நான்காம் எட்வர்டு 1470-களில் கட்டிய பெருங்கூடமும், எட்டாம் ஹென்றி பிள்ளைப் பருவத்தைக் கழித்த வளாகத்தின் அகழியும், அதன் பக்கத்திலேயே 1930-களில் கோர்ட்டால்டு தம்பதி கட்டிய ஆர்ட் டெக்கோ வீடும். தாங்கள் வளர்த்த லெமூருக்குச் சூடேற்றிய தனியறை கட்டிய மகராசர்கள் அவர்கள். இன்னும் தெற்கே போனால் கிரிஸ்டல் பேலஸ் பூங்கா. 1936 நவம்பர் 30 இரவு எரிந்துபோன கண்ணாடி மாளிகையின் படிக்கட்டுகளும், குளக்கரையில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் 1854-ல் செய்துவைத்த டைனோசர் சிலைகளும் அங்கே. ஏப்ரல் கடைசியில் வருகிறவர்கள் மட்டும் டைனோசர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். புளூபெல் இரண்டு மூன்று வாரம்தான் நிற்கும், முதலில் ஆக்ஸ்லீஸுக்குப் போய்விடுங்கள்.